பிரேக் மாஸ்டரின் வலது கால்

திருப்பத்தில் ஒரு தள்ளுபடுக்கை வேகமாக வருகிறது. மாஸ்டரின் வலது கால் உடனே தரையை அழுத்துகிறது. படுக்கை நிற்கவில்லை. அது ஏன் நிற்க வேண்டும்? இவர் காலுக்கும் அதன் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் அது பத்திரமாகக் கடந்து போன பிறகுதான் அவர் காலைத் தளர்த்துகிறார். “ஹார்ன் அடிக்காம திரும்புறான் பாரு” என்று என்னிடம் புகார் வேறு. பின்னாலேயே ஒரு சக்கர நாற்காலி. மறுபடியும் கால். நாங்கள் இந்த பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் பதினோரு தடவை பிரேக் போட்டுவிட்டார். நான் எண்ணினேன். மருத்துவமனையில் காத்திருப்பவருக்கு வேறு என்ன வேலை?

எங்கள் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இவரிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். மீதிப் பேர் எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூலில் கற்றவர்கள். அவர்களை இவர் ஓட்டுநர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. “அவன்கிட்ட கத்துக்கிட்டவங்க கார உருட்டுவாங்க. ஓட்ட மாட்டாங்க.” வயது அறுபத்திரண்டு. அதில் முப்பத்தொரு வருடம் ஓட்டுநருக்கு இடப்பக்கத்து இருக்கையிலேயே போய்விட்டது. அந்த இருக்கையின் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். அப்படி மிதித்து மிதித்து, இன்று கண்ணெதிரே எது அசைந்தாலும் இவர் கால் தன்னால் போய் அழுத்துகிறது. பஸ்ஸில் அழுத்தும், சினிமாக் கொட்டகையில் அழுத்தும், முடிவெட்டுபவர் நாற்காலியைச் சுழற்றினால் அழுத்தும். வீட்டில் சோபாவுக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் வலது பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து நூல் தெரிகிறது. பிரேக் மாஸ்டர் என்ற பட்டத்தை யாரும் கூட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

நான் இவர் வீட்டு மாடியில் குடியிருப்பவள். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். இவரிடம் ஒன்றரை வருடமாகக் கார் ஓட்டக் கற்கிறேன், மூன்று தடவை டெஸ்ட்டில் கோட்டை விட்டிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவருக்குத்தான் வெட்கம். யாராவது கேட்டால் என்னை மாணவி என்று சொல்லாமல் “மாடி வீட்டம்மா” என்று மட்டும் அறிமுகப்படுத்துவார்.

இவர் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் குடியேறியதற்குச் சாட்சியும் நான்தான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, இறக்கத்தில் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே சிவப்பு விளக்கு. வழக்கமாக அந்த இடத்தில், “கண்ணு எங்க இருக்கு? வீட்ல வெச்சுட்டு வந்தியா?” என்று ஆரம்பிப்பார். அன்றைக்குச் சத்தமே இல்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்று விநாடி இவர் திட்டாமல் இருக்கிறார். திரும்பிப் பார்த்தால் தலை கண்ணாடியில் சாய்ந்திருக்கிறது. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் காரில் நானே பிரேக் போட்டேன். ரொட்டிக் கடைப் பலகைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி குலுங்கி நின்று அணைந்தது. அரை நிமிடத்தில் மாஸ்டர் கண் திறந்தார். எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. “கிளட்ச்ச யாரு மிதிக்கிறது? உங்க அப்பாவா? வண்டி ஆஃப் ஆயிடுச்சு பாரு” என்றார்.

இதயம் நடு நடுவே சில விநாடி வேலையை மறந்து நின்றுவிடுகிறது என்று மருத்துவர் கண்டுபிடித்தார். அதற்குத்தான் பேஸ்மேக்கர். இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிட மெல்லியதாக ஒரு பெட்டி. அதிலிருந்து இதயத்துக்குள் போகும் கம்பி. அது சதா துடிக்க வைத்துக்கொண்டே இருக்காது, இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கும், தவறினால் மட்டும் தூண்டிவிடும் என்று மருத்துவர் விளக்கியதும் மாஸ்டர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அட, இது என் வேலை! இதயம் ஸ்டூடண்ட்டு, இது இடது சீட்டு. ஒழுங்கா ஓட்டினா சும்மா இருக்கும், தடுமாறினா மிதிக்கும்.” அன்றிலிருந்து அந்தக் கருவிக்குப் பெயர் ‘உள்ள இருக்கிற மாஸ்டர்’. வார்டில் இருந்த மற்ற நோயாளிகளுக்கெல்லாம் இவரே பாடம் எடுத்தார். நர்ஸ் வந்து விளக்கை அணைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நாலு கட்டளை போட்டார்கள். தையல் போட்ட இடத்தை அழுத்தவோ திருகவோ கூடாது. போனை இடது சட்டைப் பையில் வைக்கக் கூடாது. ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தூக்கினால் உள்ளே கம்பி இடம் மாறிவிடும். நாலாவது, மூன்றாம் மாதப் பரிசோதனையில் மருத்துவர் பார்த்துச் சான்றிதழ் தரும்வரை அந்த இடது இருக்கையில் உட்காரவே கூடாது. முதல் மூன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நாலாவதைக் கேட்டதும் முகம் தொங்கிவிட்டது. “சீட்ட புடுங்கிட்டா அப்புறம் எதுக்கு இந்த பேட்டரி?” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த இருக்கை இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அக்கா என்பது அவர் மனைவி. டிரைவிங் ஸ்கூலின் ஆபீஸ் அவர்தான். ஊரில் உள்ள லைசென்ஸ் விண்ணப்பங்களில் முக்கால்வாசி அக்காவின் கையெழுத்தில் நிரப்பப்பட்டவை. ஆனால் அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் மாஸ்டர் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாராம். முதல் தெரு முடிவதற்குள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அக்கா வண்டியை நட்ட நடுவில் நிறுத்தி, சாவியை எடுத்து அவர் மடியில் எறிந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

அப்படிப்பட்ட அக்கா, மாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் ஒரு காரியம் செய்தார். காரில் இடது ஜன்னலுக்கு மேலே ஒரு கைப்பிடி இருக்கும் அல்லவா? மாஸ்டரின் இடது கை முப்பத்தொரு வருடமாக அதில்தான் தொங்கும். அக்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போய் அந்தக் கைப்பிடியைக் கழற்றி, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டார். “தேடினாலும் எடுக்க முடியாது. கைய தூக்கணும்ல?” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். மாஸ்டர் வந்ததும் கார்க் கதவைத் திறந்து பார்த்தார். இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. “படுபாவி, என் வண்டிய மொட்டை அடிச்சுட்டாளே” என்றார்.

ஆறு வாரம் சமாளித்தார். கையைத் தூக்கவில்லை. போனை வலது பைக்கு மாற்றினார். பேஸ்மேக்கர் அடையாள அட்டையை டிரைவிங் லைசென்ஸ் உறைக்குள்ளேயே செருகி வைத்துக்கொண்டு, கடைவீதியில் உலோகம் கண்டுபிடிக்கும் சோதனை வாசலைக் கண்டால் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார். எட்டாவது வாரம் கால் அரிக்க ஆரம்பித்தது. ஒருநாள் சாயந்திரம் மாடிப்படி ஏறி என் கதவைத் தட்டினார்.

“ஏம்மா, காலைல ஆறு மணிக்கு ரோடு காலியா இருக்கும்.”

“அதுக்கு?”

“நாலாவது டெஸ்ட்டுலயும் கோட்டை விடப் போறியா? செவ்வாயும் வியாழனும் அவ தங்கச்சி வீட்டுக்குன்னு விடிஞ்சதும் கிளம்பிடுறா. நான் வாக்கிங் போறேன்னு சொல்லிக்கிறேன். நீ அக்காகிட்ட மூச்சு விடாத.”

நான் மறுத்திருக்க வேண்டும். பாவி, ஆசைப்பட்டுவிட்டேன். ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் கேளுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே இதே படியில் ஏறி, இதே கதவைத் தட்டி, அக்கா ஒரு ரகசியத்தை என் தலையில் கட்டியிருந்தார். “இவருக்குத் திரும்ப மயக்கம் வந்தா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? நீயா?” என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். “அதான் நான் கத்துக்கப் போறேன். எதிர்த் தெரு ஸ்கூல்ல சேர்ந்துட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிக்குவேன். இவருக்குத் தெரிஞ்சா இன்னொரு பேட்டரி வெக்கணும். நீ வாயத் திறக்காத.”

எதிர்த் தெரு! பிரேக் மாஸ்டரின் மனைவி, முப்பது வருடப் பகையாளியின் மஞ்சள் காரில்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையை ஆட்டிவைத்தேன்.

ஆக, செவ்வாயும் வியாழனும் காலை ஆறு மணிக்கு இரண்டு கார்களும் ஒரே ஊரில் சுற்றின. நடுவில் நான். தூரத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தாலே ஸ்டியரிங்கை ஒடித்து ஏதாவது சந்தில் நுழைத்துவிடுவேன். மாஸ்டர் தட்டிக் கொடுப்பார். “அட, திருப்பம் இப்ப நல்லா வருதே! ஒரு சந்து விடறதில்ல.” எனக்கு வியர்த்து ஊற்றும். ரவுண்டானாவில் மட்டும் சந்து கிடையாது. அங்கே நான் ஓட்டிய லட்சணத்தைக் கொஞ்ச நேரத்தில் ஒரு இயந்திரமே சொல்லப் போகிறது.

இன்றைக்குத்தான் அந்த மூன்றாம் மாதப் பரிசோதனை. “நீங்க ரெண்டு பேரும் பஸ்ல முன்னாடி போங்க. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, பின்னாடியே வர்றேன்” என்று அக்கா அனுப்பிவைத்தார். என்ன வேலை என்பது எனக்குத் தெரியும். போன வாரம் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. சான்றிதழ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாஸ்டரைத் தானே காரில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போவது என்று முடிவு கட்டியிருக்கிறார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாஸ்டர் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து முறைத்தார்.

அக்கா இப்போதுதான் வந்து சேர்கிறார். மேலுதட்டில் வியர்வை. கைப்பையை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

“பஸ் கிடைச்சுதா?” என்கிறார் மாஸ்டர்.

“கிடைச்சுது, கிடைச்சுது.”

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு அக்காவின் கால்களை ஒரு பார்வை பார்க்கிறார். பிறகு எதிரே வந்த மருந்து வண்டிக்குப் பன்னிரண்டாவது பிரேக்கைப் போடுகிறார்.

உள்ளே டெக்னீஷியன் ஒரு இளம்பெண். படபடவென்று பேசுகிறவள். மாஸ்டரைச் சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொல்லி, தழும்பை விரலால் தடவிப் பார்க்கிறாள். நன்றாக ஆறியிருக்கிறது. ஒயர் கோத்த தட்டையான கருவி ஒன்றைத் தழும்பின் மேல் வைத்ததும், பக்கத்துத் திரையில் கோடுகள் ஓட ஆரம்பிக்கின்றன.

“கம்பி அசையல. நல்லா பிடிச்சிருக்கு. பேட்டரி இன்னும் பதினோரு வருஷம் வரும் சார்.”

“கிலோமீட்டர்ல சொல்லும்மா.”

அவள் சிரித்துவிட்டு வேறு ஏதோ அழுத்துகிறாள். “நூத்துக்குப் பன்னண்டு தடவதான் இது தூண்டிவிட்டிருக்கு. மீதி எண்பத்தெட்டும் உங்க இதயமே துடிச்சது.”

“பாத்தியா?” என்று என்னைப் பார்க்கிறார் மாஸ்டர். “அது ஸ்டூடண்ட்டு. மூணு மாசத்துல தேறிடுச்சு.”

“இப்ப கொஞ்சம் வேகத்தக் கூட்டிப் பாக்கிறேன். படபடன்னு இருக்கும், பயப்படாதீங்க.” அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் படுத்தவாக்கிலேயே வலது காலை நீட்டி அழுத்துகிறார். “சொல்லிட்டு கியர் மாத்தும்மா!” அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அறையே கலகலப்பாக இருக்கிறது. இப்படியே முடிந்திருக்கலாம்.

டெக்னீஷியன் திரையை உற்றுப் பார்க்கிறாள். “சார், துடிப்பு நூத்தி நாப்பதைத் தாண்டினா தேதி, நேரம் போட்டு குறிச்சு வைக்கச் சொல்லியிருந்தாரு டாக்டர். நிறைய விழுந்திருக்கே. காலைல ஆறு பத்துக்கும் ஆறு நாப்பதுக்கும் நடுவுல என்ன பண்றீங்க?”

“வாக்கிங்.”

“வாக்கிங் போனா இந்தக் கோடு மேல ஏறணும் சார். உடம்பு அசையறத இது காட்டும். இங்க அது படுத்துக் கிடக்கு. நீங்க உக்காந்துட்டு இருந்திருக்கீங்க. ஆனா இதயம் மட்டும் ஓடியிருக்கு. அதுவும் செவ்வாயும் வியாழனும்தான்.”

மாஸ்டர் திருதிருவென்று விழிக்கிறார். முப்பத்தொரு வருடமாக ஊரையே கண்காணித்தவரை, அவர் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்து ஒன்று கண்காணித்திருக்கிறது. “உள்ள இருக்கிற மாஸ்டரு இப்படிப் போட்டுக் கொடுப்பான்னு நினைக்கல” என்று முனகுகிறார். அக்கா மெல்ல என் பக்கம் திரும்புகிறார். நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை ஆழ்ந்து ஆராய்கிறேன்.

“ஒவ்வொரு தடவையும் உச்சம் சரியா ஆறு இருபத்திரண்டு. அப்ப என்னதான் இருக்கு?” என்கிறாள் டெக்னீஷியன்.

எனக்குத் தாங்கவில்லை. “ரவுண்டானா” என்றேன்.

குட்டு வெளிப்பட்டது. அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. “வாக்கிங்கா? வாக்கிங்கா போனீங்க? புது ஷூ வேற வாங்கிக் குடுத்தேனே, அதப் போட்டுக்கிட்டு இவ பக்கத்துலயா உக்காந்தீங்க? இவ ஓட்டினா நல்லா இருக்கிறவனுக்கே நெஞ்சு வலிக்குமே! ஏதாவது ஆகியிருந்தா நான் என்னங்க பண்ணியிருப்பேன்?” கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. மாஸ்டர் நெஞ்சில் தட்டுக் கருவியோடு, டெஸ்ட்டில் தோற்ற மாணவன் மாதிரி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். சான்றிதழ் கைநழுவிப் போயே போய்விட்டது என்று அவர் முகமே சொன்னது. இந்த மனிதரின் இருக்கையை நானே பறித்துவிட்டேனே!

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் டெக்னீஷியன், கொஞ்சம் தயங்கி. “இருக்கிறதுலயே இதான் பெருசு. போன ஞாயித்துக்கிழமை, பதினொண்ணு அஞ்சு. நூத்தி அம்பத்தொண்ணு. விடாம நாலு நிமிஷம்.”

“ஞாயித்துக்கிழமை எனக்கு கிளாஸே கிடையாது!” என்று நான் கத்திவிட்டேன். தப்பித்துக்கொள்ள ஒரு பழியாவது குறையட்டுமே என்ற ஆத்திரம்.

ஆனால் அக்கா சட்டென்று அடங்கிவிட்டார். போன ஞாயிறு பதினொன்று ஐந்துக்கு என்ன நடந்தது என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையில் புது லைசென்ஸோடு அக்கா முதன்முதலாகத் தனியே காரை வீட்டு வாசலிலிருந்து பின்னால் எடுத்தார். எங்கள் கேட் குறுகல். இரண்டு பக்கமும் நாலு விரல்தான் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் மாஸ்டர் குளித்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அது நின்றால் குரல் கொடுக்க வேண்டும் என்று நான் மாடியில் காவல் நின்றேன்.

“அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க சார்?”

“குளிச்சுட்டு.”

“குளிக்கறதுக்கு நூத்தி அம்பதா?”

மாஸ்டர் கூரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “குழாயத் திறந்துவிட்டுட்டு ஜன்னலுக்கு வந்துட்டேன்மா. திரைச்சீலைக்குப் பின்னாடி நின்னேன். இவ ரிவர்ஸ் எடுத்தா.”

அக்காவின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“உங்களுக்கு… எப்போலேருந்து தெரியும்?”

“நீ அங்க சேர்ந்த ரெண்டாவது வாரத்துலேருந்தே தெரியும். சாப்பிடும்போது மேசைக்கு அடியில உன் இடது கால் கிளட்ச் மிதிச்சுச்சு. எனக்குத் தெரியாதா? முழுசா விடறதுக்கு முன்னாடி அரை விநாடி நிறுத்தின. அது அந்த எதிர்த் தெருக்காரன் பழக்கம். ஊர்ல வேற யாரும் அப்படிச் சொல்லித் தர மாட்டாங்க.” பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார். “மஞ்சள் காரப் பார்த்தா நீ சந்துல திருப்புறதும் தெரியும். போகட்டும், திருப்பமாவது வருதேன்னு விட்டுட்டேன்.”

என் முகத்தில் அசடு வழிந்தது. இரண்டு பேர் ரகசியத்தையும் காப்பாற்றுகிறேன் என்று ஒரு மாதமாக வியர்த்துக் கொட்டிய என்னைவிட ஏமாளி உலகத்தில் உண்டா?

“தெரிஞ்சா ஏன் சொல்லல?” என்றார் அக்கா.

“சொன்னா என்ன பண்ணுவேன்? கத்துவேன். எனக்கு வேற எப்படிப் பேசத் தெரியும்? அன்னிக்குக் கத்தினதுக்கு நீ சாவியத் தூக்கி எறிஞ்ச. முப்பது வருஷம் தொடல. மறுபடியும் எறிஞ்சுடுவியோன்னு பயமா இருந்துச்சு.” குரல் தழைந்தது. “அதான் வாய மூடிட்டு ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டு நின்னேன். தரைய மிதிச்சு மிதிச்சு முட்டி வலி வந்ததுதான் மிச்சம். நீ எங்கயும் இடிக்கல. ஒரு தடவ கூட இடிக்கல.”

டெக்னீஷியன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சார், இப்பவும் நூறத் தாண்டுது” என்றாள் மெதுவாக. அக்கா எழுந்து போய், குனிந்து, மாஸ்டரின் சட்டையை எடுத்து அவர் மேல் போர்த்தினார். “குளிருது பாரு அவருக்கு” என்று டெக்னீஷியனைத்தான் அதட்டினார்.

மருத்துவர் வந்தார். தாள்களைப் புரட்டினார். மாஸ்டர் அதற்குள் சட்டையைப் போட்டு, மேல் பொத்தான் வரை மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டெஸ்ட் நாளில் லைசென்ஸ் அதிகாரியின் முன்னால் நாங்கள் எப்படி நிற்போமோ அப்படி.

“மூணு மாசம் அந்த சீட்ல உக்காராதீங்கன்னு சொன்னேன்.”

“ஆமாம் டாக்டர்.”

“உக்காந்துட்டீங்க.”

“ஆமாம் டாக்டர். தப்புதான்.” இவர் வாயிலிருந்து தப்பு என்ற சொல் இவரைக் குறித்து வந்து நான் கேட்டதே இல்லை.

மருத்துவர் இன்னும் இரண்டு தாளைப் புரட்டினார். அந்த இரண்டு தாளுக்கு எவ்வளவு நேரமானது என்கிறீர்கள்! அக்கா என் முழங்கையைப் பிடித்த இடம் வெகுநேரம் சிவந்திருந்தது. “கருவி வெச்சதுலேருந்து இதயத்த ஒரு தடவ கூட அது நிக்க விடல. கம்பி சரியா இருக்கு. இந்த வேகம் எல்லாம் நோய் இல்ல, பயம். பயந்தா எல்லாருக்கும் இப்படித்தான் ஓடும்.” பேனாவைத் திறந்தார். “சான்றிதழ் தர்றேன். பாதி நாள்தான் வேலை. சீட் பெல்ட் அந்த எடத்துல உரசும், நடுவுல ஒரு துணி மெத்தை வெச்சுக்குங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரணும். தலை சுத்தினா அந்த நிமிஷமே வண்டிய ஓரம் கட்டிட்டு எனக்கு போன் பண்ணணும்.” கையெழுத்துப் போட்டு முடித்து என் பக்கம் பேனாவை நீட்டினார். “இந்தம்மாவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல சொல்லித் தராதீங்க.”

மாஸ்டர் சான்றிதழை வாங்கி, இரண்டு தடவை படித்தார். போன் வைக்கக் கூடாத அந்த இடது பையில் மடித்து வைத்துக்கொண்டார். பையை மேலே ஒரு தட்டுத் தட்டினார். நடைகூடத்தில் வந்த தள்ளுபடுக்கைக்கு அவர் போட்ட பிரேக்கில் என்ன ஒரு மிடுக்கு! சட்டப்படி கிடைத்த பிரேக் அல்லவா?

வெளியே அக்கா ஓட்டி வந்த கார் இரண்டு கார்களுக்கான இடத்தில் கோணலாக நின்றது. மாஸ்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். வாயைத் திறந்தார். அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, எங்கே சொல்லுங்கள் பார்ப்போம் என்று நின்றார். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணி மெத்தையை எடுத்து மாஸ்டரின் மடியில் போட்டார். டாக்டர் சொல்வதற்கு எத்தனையோ நாள் முன்பே தைத்தது. ஓரத் தையல்கூட முடிந்திருந்தது. அவர் அதைப் பெல்ட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார். இடது கை பழக்கத்தில் லேசாக மேலே கிளம்பியது. கைப்பிடி இல்லாத நினைவு வந்து இறங்கிவிட்டது. அக்கா வண்டியைக் கிளப்பினார். பின்னால் சுவர். வலப்பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் யாரோ ஒருவர் போனில் பேசியபடி எங்களைப் பார்க்காமலே குறுக்கே வந்தார். அக்கா ரிவர்ஸ் கியரைத் தேடினார், கிடைக்கவில்லை, மறுபடி தேடினார், கிடைத்தது. வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. கிளட்ச்சில் அந்த எதிர்த் தெரு அரை விநாடி எனக்கே தெரிந்தது. நான் முன் சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு, மாஸ்டரின் காலடியில் இருந்த அந்த இரண்டாவது பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் குனிந்து செருப்பைக் கழற்றினார். வலது காலை மேலே தூக்கி, இடது காலையும் இழுத்து மடக்கி, இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.